முதலில் நாவலா, தொடரா? டெவில்ஸ் எண்டுக்குள் நுழையும் முன்

கேள்வி: பழைய புத்தகக் கடையில் 'டாக்டர் ஹூ அண்ட் த டீமன்ஸ்' நாவல் கிடைத்தது. டார்கெட் பதிப்பகம், 1974 என்று போட்டிருக்கிறது. வேற்றுக்கிரகத்து ஆள் ஒருவன் ஓர் ஆங்கிலேயக் கிராமத்தைப் பிடித்துக்கொள்ளும் கதை என்று தெரிகிறது. மூலமான தொலைக்காட்சித் தொடரை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டுமா? சாத்தான், மாந்திரீகம் எல்லாம் வருகிறதே, 12 வயது மகளுக்குக் கொடுக்கலாமா? இந்தப் பிரதிக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

பதில்: தயங்காமல் நாவலையே முதலில் படியுங்கள். தொடரைப் பார்க்காதவர்களையும், ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி பார்க்க வழியில்லாமல் இருந்தவர்களையும் மனதில் வைத்துத்தான், டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் கதைகளை நாவலாக்கிய இந்த டார்கெட் வரிசையே எழுதப்பட்டது.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தக் கதை பிபிசியில் 1971 மே 22 முதல் ஜூன் 19 வரை ஐந்து வாரம் ஒளிபரப்பானது. அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் ஐந்தையும் சுருக்கி ஒரே படமாக மறுபடி போட்டார்கள். வீட்டில் வீடியோ ரிக்கார்டர் இல்லாத நாட்கள் அவை. சனிக்கிழமை மாலை ஊருக்குப் போயிருந்தால் அந்தப் பகுதி போனது போனதுதான். 1973இல் தொடங்கிய டார்கெட் வரிசை இந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது. பையன்களும் பெண்களும் பாக்கெட் மணியில் வாங்கி, கதையைத் தங்கள் வேகத்தில், வேண்டிய தடவை மறுபடி ஓட்டிக்கொண்டார்கள்.

பிபிசியின் கதையோ இன்னும் மோசம். டேப் விலை அதிகம் என்று பழைய பதிவுகளை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தார்கள். டீமன்ஸ் கதையின் ஐந்து பகுதிகளில் நான்காவது மட்டுமே அசல் வண்ண டேப்பில் தப்பியது. மற்றவை கறுப்பு வெள்ளைப் படச்சுருளாகத்தான் மிஞ்சின. அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது யாரோ வீட்டில் பதிந்து வைத்திருந்த பிரதியிலிருந்து நிறத்தை மட்டும் எடுத்து, அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் ஏற்றி, 1992இல் மறுபடி வண்ணமாக்கினார்கள். ஆக, கிட்டத்தட்ட இருபது வருடம் இந்தக் கதையைக் கெடாமல் வைத்திருந்தது உங்கள் கையில் இருக்கும் புத்தகம்தான்.

டார்கெட் நாவல்களில் எல்லாம் ஒரே தரம் இல்லை. அறுபதுக்கும் மேல் எழுதித் தள்ளிய டெரன்ஸ் டிக்ஸின் பல நாவல்கள் திரைக்கதையை ஒட்டியே வேகமாக ஓடும். 120, 130 பக்கத்தில் முடிந்துவிடும். அதில் தப்பில்லை, ஒரே மதியத்தில் படித்துவிடலாம். டீமன்ஸ் அப்படிப்பட்டதல்ல. எழுதிய பேரி லெட்ஸ் அப்போதைய டாக்டர் ஹூ தொடரின் தயாரிப்பாளர். தொலைக்காட்சிக் கதையையும் ராபர்ட் ஸ்லோமனோடு சேர்ந்து 'கை லியோபோல்ட்' என்ற புனைபெயரில் அவரே எழுதினார். தயாரிப்பாளரே தன் தொடருக்குக் கதை எழுதுவதை பிபிசி அன்றைக்கு விரும்பவில்லை, அதனால்தான் புனைபெயர்! தன் சொந்தக் கதை என்பதால் நாவலில் நிதானமாக நடக்கிறார். சின்னப் பாத்திரங்களின் மனதுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார். கோயில் சுவரில் இருக்கும் கல் பூதம் உயிர் பெற்றுப் பாய்வதைத் திரையில் பார்த்தால் இறுக்கமான உடை போட்ட ஒரு நடிகர் என்று தெரிந்துவிடும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உயரமாக எழுந்து நிற்கும் அஸால் என்ற வேற்றுக்கிரகத்தானுக்கும் அதே நியாயம்தான்.

படையெடுப்பு என்றதும் பறக்கும் தட்டுகள் வரிசையாக இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டெவில்ஸ் எண்ட் என்ற கற்பனைக் கிராமத்துக்கு வெளியே ஒரு பழைய புதைமேடு. மே தினத்துக்கு முந்தைய நள்ளிரவில், தொலைக்காட்சி நேரலையில் அதைத் தோண்டுகிறார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருப்பது அஸால், ஒரே ஒரு ஆள். லட்சம் வருடத்துக்கு முன் பூமிக்கு வந்த டீமன் இனத்தின் கடைசி ஆசாமி. கிராமத்தைச் சுற்றி வெப்பத்தால் ஆன ஒரு திரை விழுகிறது. ராணுவத்தால் உள்ளே வர முடிவதில்லை. உள்ளே இருக்கும் ஊர்க்காரர்களில் பாதிப் பேர், பாதிரியார் வேடத்தில் வந்திருக்கும் வில்லன் மாஸ்டர் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கதையில் நிஜமாகப் பயமுறுத்துவது கொம்பு வைத்த அஸால் இல்லை, இந்த ஊர்க்காரர்கள்தான். படப்பிடிப்பு நடந்தது வில்ட்ஷயரில் உள்ள ஆல்ட்போர்ன் என்ற நிஜக் கிராமத்தில். மதுக்கடை, புல்வெளி, தேவாலயம் எல்லாம் அங்கே இருப்பவைதான்.

மகளுக்குக் கொடுப்பது பற்றி: கொடுக்கலாம். மனிதர்கள் சாத்தான் என்று வரைந்து வைத்ததெல்லாம் இந்த வேற்றுக்கிரகத்தாரைப் பார்த்துத்தான், மந்திரம் என்று நினைப்பதெல்லாம் புரியாத விஞ்ஞானம்தான் என்று கதாநாயகரான டாக்டர் கதை முழுக்கச் சாதிக்கிறார். மிஸ் ஹாதார்ன் என்ற உள்ளூர்ச் சூனியக்காரி (நல்லவர்தான்) அதை ஒப்புக்கொள்வதே இல்லை. இருவரும் வாக்குவாதம் செய்யும் இடங்கள் புத்தகத்தின் நல்ல பகுதிகள். ஒரு சில சாவுகள் உண்டு, பாதாள அறையில் பலி கொடுக்கப் பார்க்கும் சடங்கு ஒன்று உண்டு. ரத்தத்தை விவரிப்பது கிடையாது. இரவில் எளிதில் பயப்படுகிற குழந்தை என்றால் மட்டும் பகலில் படிக்கச் சொல்லுங்கள்.

அவளுக்குச் சிரமம் தரப்போவது பேயல்ல, ஆங்கிலக் கிராமத்துப் பழக்கவழக்கம். மேபோல் என்பது மே தினத்தில் வண்ண நாடாக்கள் கட்டிச் சுற்றி ஆடும் கம்பம். மாரிஸ் ஆட்டம் காலில் மணி கட்டி ஆடும் நாட்டுப்புற நடனம். இரண்டும் கதையில் டாக்டருக்கு எதிராகத் திரும்புகின்றன. யூனிட் என்பது வேற்றுக்கிரக விவகாரங்களைக் கவனிக்கும் ராணுவப் பிரிவு, பிரிகேடியர் அதன் தலைவர், மாஸ்டர் டாக்டரின் பழைய எதிரி. இவ்வளவு சொல்லிவிட்டால் போதும், முந்தைய கதை எதுவும் தெரிய வேண்டாம்.

மதிப்பு விஷயத்தில் பெரிதாக ஆசைப்படாதீர்கள். டார்கெட் வரிசை லட்சக்கணக்கில் விற்றது, அதனால் அபூர்வம் என்று சொல்ல முடியாது. பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 1974 மட்டும் இருந்து, அதன் கீழே மறுஅச்சு வருடங்கள் எதுவும் இல்லையென்றால் முதல் அச்சு. டபிள்யூ. எச். ஆலன் என்ற பதிப்பகத்தின் பெயர் இருந்தால் பின்னாளில் வந்த மறுஅச்சு. கிறிஸ் அகிலியோஸ் வரைந்த அட்டைக்காகவே முதல் அச்சைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகு மடங்காமல், அட்டை மங்காமல் இருந்தால் அவர்களிடம் நல்ல விலை போகும். முதல் பக்கத்தில் ஒரு குழந்தை பால்பாயிண்ட் பேனாவில் பெயர் எழுதியிருந்தால் விலை விழும், ஆனால் எனக்கு அந்தப் பிரதிதான் பிடிக்கும்.

படித்து முடித்துப் பிடித்திருந்தால் தொடரைத் தேடிப் பாருங்கள். நிறம் சேர்த்த பிரதி 2012இல் டிவிடியாக வந்தது. அப்புறம், 1978இல் வந்த டெரன்ஸ் டிக்ஸின் 'டாக்டர் ஹூ அண்ட் த ஆண்ட்ராய்ட் இன்வேஷன்' கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதுவும் ஒரு கிராமம்தான், ஆனால் நாட்காட்டியில் எல்லாத் தாளிலும் ஒரே தேதி, சட்டைப்பையில் இருக்கும் காசெல்லாம் புதுசு. ஏன் என்று மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.