மைலேஜ் குறைந்தால் முதலில் சர்வீஸ் பில்லை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. ஈரோட்டில் வீடு, சித்தோடு பக்கம் வேலை. கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய், அதில் வீட்டுக் கடன் தவணையே 21,000 போய்விடும். 2018-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. ஆபீஸ், பிள்ளைகள் ஸ்கூல், மாதம் ஒருமுறை கரூரில் அம்மா வீடு என்று மாதம் 900 கிலோமீட்டர் ஓடும். முன்பு லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி இப்போது 13-க்கு வந்துவிட்டது. எல்லாம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால்தான் என்கிறார்கள். அதனால் ஒரு வருடமாக லிட்டருக்கு 8 ரூபாய் கூடக் கொடுத்து 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் போடுகிறேன், ஒரு மாற்றமும் தெரியவில்லை. கம்பெனி சர்வீஸுக்கு ஒவ்வொரு முறையும் 8,000, 10,000 என்று ஆவதால் இரண்டு வருடமாக வண்டியை விடவில்லை; நடுவில் ஒருமுறை தெரிந்த மெக்கானிக்கிடம் ஆயில் மட்டும் மாற்றினேன். இதை விற்றுவிட்டு 2020 மாடல் டீசல் வண்டி எடுக்கச் சொல்கிறார் என் மச்சான். என் கார் 3.5 லட்சத்துக்குப் போகும், டீசல் வண்டி 6.5 லட்சம். மீதி 3 லட்சத்துக்கு லோன் போடலாமா?

பதில்: வேண்டாம். லோனும் வேண்டாம், பிரீமியம் பெட்ரோலும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களை வைத்தே ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 16, 13. பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 16 கொடுத்தபோது மாதம் 56 லிட்டர் போதும், இப்போது 69 லிட்டர் வேண்டும். அதாவது மாதம் 1,300 ரூபாய் கூடுதலாகப் போகிறது, வருடத்துக்கு 15,000-க்கு மேல். இதில் இ20-க்குப் பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை அமைச்சகம் கொடுத்த விளக்கத்திலேயே, இ20-க்குத் தோதாக அமைக்கப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்று சொல்லியிருந்தார்கள். உங்கள் வண்டி 2018 மாடல், அதனால் ஆகக் கூடுதலான 6 சதவீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 16 என்பது 15 ஆகும். 13 ஆகாது. மிச்சம் இருக்கும் 2 கிலோமீட்டர் எங்கே போனது என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அதற்கான பதில் நீங்கள் தள்ளிப்போட்ட சர்வீஸில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அந்த 2 கிலோமீட்டரின் விலையையும் பார்த்துவிடுங்கள். 15 கொடுத்தால் 60 லிட்டர், 13 கொடுத்தால் 69. மாதம் 900 ரூபாய், வருடத்துக்கு 10,800. மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட சர்வீஸ் தொகையைவிட இது அதிகம். இன்ஜினுக்குள் நடக்கும் தேய்மானத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அப்புறம் பிரீமியம் பெட்ரோல். ஆக்டேன் எண் கூடினால் சக்தி கூடும், மைலேஜ் கூடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இன்ஜினுக்குள் அழுத்தும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து 'நாக்' அடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவு அது, அவ்வளவுதான். உங்கள் கார் எந்த ஆக்டேன் கேட்கிறது என்று ஓனர் மானுவலில் இருக்கும், பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலும் சில வண்டிகளில் போட்டிருப்பார்கள். 91 கேட்கும் சாதாரண இன்ஜினுக்கு 95 ஊற்றினால் அதை வைத்துச் செய்ய அதற்கு வேலையே இல்லை. லிட்டருக்கு 8 ரூபாய் கூடக் கொடுப்பதற்கு நியாயம் வேண்டும் என்றால் மைலேஜ் 8 சதவீதம் ஏற வேண்டும்; ஒரு வருடம் போட்டுப் பார்த்து ஏறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எத்தனாலைத் தவிர்க்கலாம் என்று நினைத்திருந்தாலும் நடக்காது, 95 பிரீமியத்திலும் எத்தனால் கலந்துதான் வருகிறது. 100 ஆக்டேன் பெட்ரோல் லிட்டருக்கு 50 ரூபாய்க்கு மேல் கூடுதல், மாதம் 60 லிட்டர் போடுகிற குடும்பக் காருக்கு அந்தப் பேச்சே வேண்டாம். பெரிய டர்போ இன்ஜின் வைத்திருக்கிறவர்கள், மானுவலிலேயே 95 கேட்டிருந்தால், அவர்கள் கணக்கு வேறு. நீங்கள் நாளை முதல் சாதாரண பெட்ரோலுக்கு மாறிவிடுங்கள். மாதம் 550 ரூபாய் இங்கேயே மிச்சம்.

இ20-க்காகக் காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் அதைப் பெட்ரோல் பங்க்கில் கொடுக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் சிலவற்றை 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டி வரலாம் என்று அமைச்சகத்தின் அதே விளக்கத்தில் சொல்லப்பட்டது. பெட்ரோல் லைனில் கசிவு, வெடிப்பு, பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று இந்த சர்வீஸில் தனியாகச் சொல்லிப் பார்க்க வையுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பதையும் தவிர்க்கப் பாருங்கள்.

மச்சான் சொல்லும் டீசல் கணக்கும் முழுக்கத் தப்பு இல்லை. டீசல் லிட்டர் 92 என்றும் வண்டி 20 கொடுக்கும் என்றும் வைத்தால், 15 கொடுக்கும் பெட்ரோல் காரைவிடக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 22,000 வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 3 லட்சத்துக்கு, பழைய கார் லோன் 13 சதவீதம், 5 வருடம் என்றால் மாதத் தவணை 6,800-க்கு மேல், முதல் வருட வட்டி மட்டும் 35,000-ஐத் தாண்டும். எரிபொருளில் 22,000 மிச்சம் பிடிக்க 35,000 வட்டி கட்டுவதா? வீட்டுக் கடன் 21,000, அதோடு இதையும் சேர்த்தால் சம்பளத்தில் பாதி தவணைக்கே போகும், பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புகிற வீட்டில் அது எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்று யோசித்தாலே எனக்கு மனது கேட்கவில்லை. இன்னொன்று, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். ஈரோடு டிராஃபிக்கில் ஆபீஸ் போய் வரும் ஓட்டத்துக்கு அது அடிக்கடி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு போடும். மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஹைவேயில் ஓட்டுகிறவருக்குத்தான் டீசல். சிஎன்ஜி பற்றி நீங்கள் கேட்கவில்லை. அடுத்த வண்டி வாங்கும்போது கம்பெனியே பொருத்தித் தரும் மாடல்களைப் பாருங்கள், இந்தக் காரில் வெளியே கிட் போடாதீர்கள். போட்டால் ஆர்சி-யில் ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை வேறு.

சரி, சர்வீஸுக்கு வருவோம். வாரண்டி முடிந்த வண்டி, அதனால் கம்பெனி ஒர்க்‌ஷாப்தான் என்று கட்டாயம் இல்லை. நம்பிக்கையான வெளி கேரேஜ் போதும், ஆனால் கூட நில்லுங்கள். மானுவலில் எந்த கிரேடு ஆயில் போட்டிருக்கிறதோ அதே கிரேடு, உங்கள் கண் முன்னால் சீல் உடைத்த கேன், கழற்றிய பழைய ஃபில்டர் உங்கள் கையில், பாகங்களின் பெயரோடு பில். பிரேக் ஆயில், கூலன்ட், ஸ்பார்க் பிளக் மூன்றும் மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். எஸ்டிமேட்டில் இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், ஏசி டிரீட்மென்ட், கோட்டிங் என்று வரிசையாக வரும். மானுவலில் இல்லாததை அடித்துவிடச் சொல்லுங்கள், 8,000 பில் 5,500-க்கு இறங்குவது அங்கேதான். நான்கு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கவும் சொல்லுங்கள். ஒன்று பிடித்தமாகச் சுற்றினால் பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம், மைலேஜை அது சத்தமில்லாமல் தின்னும்.

டயர் காற்று இன்னும் எளிது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர், எத்தனை வைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். காலையில் டயர் சூடாவதற்கு முன் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அப்படியே டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணையும் தேடுங்கள், 3518 என்றிருந்தால் 2018-ன் 35-வது வாரத்தில் செய்தது. இன்னும் வண்டியோடு வந்த டயர்தான் என்றால் டயர் பட்டன் தேயாமல் மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள், கரூர் ரோட்டில் குடும்பத்தோடு போகிறீர்கள்.

இதற்கெல்லாம் பணம்? சர்வீஸ் 7,500, டயரை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் 4,000, பேட்டரி பங்கு 1,500, பிரேக் பேட் மாதிரி சில்லறை 3,000, இன்சூரன்ஸ் 9,000. தோராயமாக வருடத்துக்கு 25,000. மாதம் 2,100-க்கு ஒரு ஆர்.டி. போடுங்கள், காருக்கு மட்டும். பிரீமியம் பெட்ரோலில் மிச்சமாகும் 550, மைலேஜ் திரும்பினால் கிடைக்கும் 900 ஆகியவற்றைச் சேர்த்தால் உங்கள் சம்பளத்திலிருந்து புதிதாக எடுக்க வேண்டியது 650 ரூபாய்தான். ஒன்றை மனதில் வையுங்கள்: ஆயில் காய்ந்து இன்ஜின் பிடித்துக்கொண்டால் சாதாரண கார் இன்சூரன்ஸ் ஒரு ரூபாய் தராது. விபத்து, திருட்டு மாதிரி விஷயங்களுக்குத்தான் அது. பராமரிப்பில்லாமல் வரும் பழுதை முழுக்கக் கைக்காசில்தான் சரிசெய்ய வேண்டும்.

இந்த வாரமே ஒரு பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை ஃபுல் டேங்க் போட்டு டிரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். அடுத்தமுறை அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். சர்வீஸ் முடிந்த பிறகும் இதைச் செய்யுங்கள். 14.5-க்கு மேல் வந்தால் அப்படியே ஓட்டுங்கள். வரவில்லை என்றால் ஸ்கேனர் போட்டு ஆக்சிஜன் சென்சாரையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கச் சொல்லிவிட்டு, அந்த ரிப்போர்ட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.