ஓநாயில் தொடங்குங்கள், ஆந்தை அப்புறம் வரட்டும்

கடவுள் உருவம் பொறித்த கிரேக்க, ரோமானியப் பழங்காசுகளைச் சேர்ப்பது பற்றி நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கிரேக்கப் புராணக் கதைகள் என்றால் எனக்கு உயிர். அந்தத் தெய்வங்கள் இருக்கும் நிஜமான பழங்காசு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று ஆசை. மாதச் சம்பளக்காரன். ஏதென்ஸ் நகரத்து ஆந்தைக் காசில் தொடங்கலாமா? (திருச்சி வாசகர்)

வேண்டாம். எல்லோருக்கும் முதல் ஆசை ஆந்தைதான், எனக்கும் அதுதான். ஆனால் அதிகம் போலி அடிக்கப்படுகிற காசுகளில் அதுவும் ஒன்று. நல்லது கெட்டது தெரியாத நிலையில் முதல் பணத்தை அதில் போடாதீர்கள்.

ஓநாயில் தொடங்குங்கள். கி.பி. 330-இல் ரோமானிய மன்னர் கான்ஸ்டன்டைன் தன் புதுத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) திறந்துவைத்தபோது, பழைய ரோமையும் மறக்கவில்லை என்று காட்ட ஒரு சின்ன வெண்கலக் காசு வெளியிட்டார். முன்பக்கம் தலைக்கவசம் போட்ட ரோமா, அதாவது நகரமே ஒரு பெண் தெய்வமாக. பின்பக்கம், ரோமின் தொடக்கக் கதையில் வரும் ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் பெண் ஓநாய். என்னிடம் இருப்பது நம் ஒரு ரூபாய்க் காசை விடச் சின்னது, எடை இரண்டரை கிராம்தான் இருக்கும். ஓநாய் தலையைத் திருப்பிக் குழந்தைகளைப் பார்க்கிறது, அதன் முதுகுக்கு மேலே இரண்டு நட்சத்திரம், காலடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே டி, ஆர், எஸ் என்று மூன்று எழுத்து. முதல் இரண்டும் இன்று ஜெர்மனியில் இருக்கும் டிரியர் நகரத்தைக் குறிக்கும், எஸ் என்றால் அங்கிருந்த அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் இடத்தின், இரண்டாவது பட்டறை. ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு மேலாகியும் எந்த ஊரில் எந்தப் பட்டறையில் அடித்தது என்று காசே சொல்கிறது பாருங்கள்! லட்சக்கணக்கில் அடித்தார்கள், அதனால் நல்ல நிலையில் இருப்பதே சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

அடுத்து, காலியேனஸ் என்ற ரோமானிய மன்னர் தன் ஆட்சியின் கடைசியில், கி.பி. 267, 268 வாக்கில் வெளியிட்ட மிருகக் காசுகளைத் தேடுங்கள். எல்லைகளில் படையெடுப்பு, உள்ளே கலகம், பணத்தில் வெள்ளி பெயரளவுக்குத்தான் என்கிற மோசமான காலம். ஒவ்வொரு தெய்வத்திடமும் தன்னைக் காப்பாற்றச் சொல்லி, அந்தத் தெய்வத்துக்குரிய மிருகத்தைக் காசில் போட்டார். வேட்டைத் தெய்வம் டயானாவுக்கு மான், கடல் தெய்வம் நெப்டியூனுக்குப் பாதி குதிரை பாதி மீன், சூரியனுக்கு இறக்கைக் குதிரை, அப்பல்லோவுக்கு மேலே மனிதனும் கீழே குதிரையுமான சென்டார். அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்து ராஜா பயத்தில் எல்லாத் தெய்வத்தின் வாசலிலும் போய் நின்றது அப்படியே தெரியும். இவையும் விலை குறைவுதான்.

காசில் பெயர் இல்லாவிட்டால் இது எந்தத் தெய்வம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவை வாசகி)

வேல் இருந்தால் முருகன் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா, அதே வழிதான். முகத்தைப் பார்க்காதீர்கள், கையில் என்ன இருக்கிறது, பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். கழுகும் இடியும் என்றால் தேவர்களின் அரசன் ஜீயஸ். திரிசூலம் மாதிரி மூன்று முனை ஈட்டி, டால்ஃபின் என்றால் கடல் தெய்வம் போசைடன். யாழ் என்றால் அப்பல்லோ. பாம்பு சுற்றிய தடி மருத்துவத் தெய்வம் அஸ்கிளிபியஸ். சிங்கத் தோலும் கதாயுதமும் மாவீரன் ஹெராக்ளிஸ். தலைக்கவசம் போட்ட பெண் பெரும்பாலும் ஏதென்ஸின் காவல் தெய்வம் அதீனா, ஆனால் ரோமானியக் காசில் அதே தோற்றத்தில் ரோமா இருப்பாள், அங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

இது அடையாளம் காண மட்டும். ஏன் அந்த ஊர்க் காசில் அந்தத் தெய்வம் என்று கேட்க ஆரம்பித்தால்தான் ருசியே. கொரிந்து நகரத்து வெள்ளிக் காசை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் எட்டரை கிராம். ஒரு பக்கம் இறக்கைக் குதிரை பெகாசஸ், மறுபக்கம் அதீனா. குதிரைக்கும் அவளுக்கும் என்ன உறவு? கொரிந்து ஊர்க்காரனான பெல்லரோஃபோன் அந்தக் குதிரையை அடக்க முடியாமல் தவித்து, அதீனாவின் பலிபீடத்தருகே படுத்துத் தூங்குகிறான். கனவில் அவள் வந்து தங்கக் கடிவாளம் ஒன்றைக் கொடுக்கிறாள், விழித்துப் பார்த்தால் கடிவாளம் நிஜமாகவே பக்கத்தில் கிடக்கிறது. பிரேனே என்ற ஊற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குதிரையை அதைப் போட்டுத்தான் பிடித்தான் என்பார்கள், அந்த ஊற்றுக் கட்டடத்தைக் கொரிந்து இடிபாடுகளில் இன்றும் பார்க்கலாம். ஆக, கதை தெரியாதவனுக்குத்தான் அது இரண்டு தனித்தனிப் படம், தெரிந்தவனுக்கு ஒரே கதையின் இரண்டு பக்கம். குதிரையின் காலுக்குக் கீழே ஒரு வட்டமும் குச்சியுமாக ஒரு எழுத்து இருக்கும். அது கொப்பா, கொரிந்து என்ற பெயரின் பழைய முதலெழுத்து. அன்றாட எழுத்தில் அது வழக்கொழிந்த பிறகும் காசில் விடாமல் வைத்திருந்தார்கள், தங்கள் ஊர்ப் பெயர் என்கிற பிடிப்பு.

ஏதென்ஸ் ஆந்தையும் அப்படித்தான், ஆந்தை அதீனாவின் பறவை. ஆந்தைக்குப் பின்னால் ஒலிவ இலைக் கொத்து இருக்கும், அது அவளும் போசைடனும் அந்த நகரத்துக்காகப் போட்டியிட்ட கதை. அவன் ஈட்டியால் பாறையில் குத்தி உப்பு நீர் வரவழைத்தான், அவள் ஒலிவ மரம் கொடுத்தாள், ஊர் அவளுக்கே போனது. காசுக்கான வெள்ளி ஏதென்ஸ் பக்கத்து லாரியன் சுரங்கத்திலிருந்து வந்தது. கி.மு. 483-இல் அங்கே பெரிய வெள்ளிப் படிவு கிடைத்தபோது அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போடாமல் கப்பல் கட்டச் சொன்னார் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ், மூன்று வருடம் கழித்து சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்றது அந்தக் கப்பல்கள்தான்.

ரோட்ஸ் தீவுக் காசில் ரோஜா, ஏனென்றால் ரோஜாவுக்குக் கிரேக்கச் சொல் ரோடோன். மறுபக்கம் அந்தத் தீவின் சூரியக் கடவுள் ஹீலியோஸ். கிரீட் தீவு க்னோசோஸ் நகரத்துக் காசில், மினோட்டார் என்ற காளைத் தலை மனிதனை அடைத்துவைத்த சுற்றுவழிக் கோட்டை.

ரோமானியர்கள் இதை அரசியலாகவே மாற்றினார்கள். ஜூலியஸ் சீசர் கி.மு. 47, 46 வாக்கில் அடித்த டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசில் முன்பக்கம் காதல் தெய்வம் வீனஸ், பின்பக்கம் போரில் எரியும் டிராய் நகரத்திலிருந்து வயதான அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் ஈனியஸ். ஈனியஸ் வீனஸின் மகன், சீசரின் குடும்பம் தங்களை ஈனியஸ் வழி என்று சொல்லிக்கொண்டது. நான் தெய்வத்தின் வாரிசு என்று ஊரெல்லாம் தண்டோரா போட வேண்டியதில்லை, சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்தாலே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது கி.மு. 46-இல் வந்த இன்னொரு டெனாரியஸ். முன்பக்கம் ஜூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வம். ரோம் நகர அக்கசாலை அவள் கோயிலை ஒட்டி இருந்தது, ஆங்கிலத்தில் பணத்துக்குச் சொல்லும் 'மனி' என்ற சொல்லே அவள் பெயரிலிருந்து வந்ததுதான். பின்பக்கத்தில் சுத்தியல், இடுக்கி, அச்சு. காசு அடிக்கிறவனின் கருவிகளையே காசில் போட்டிருக்கிறார்கள்.

அலெக்சாந்தரின் வெள்ளிக் காசில் சிங்கத் தலையை மாட்டிக்கொண்டிருப்பது அவரேதானே? விற்பவர் அப்படித்தான் சொல்கிறார். (சேலம் வாசகர்)

ஹெராக்ளிஸ். நெமியா என்ற ஊர்ச் சிங்கத்தைக் கொன்று அதன் தோலைப் போர்த்தியவர். பின்பக்கம் சிம்மாசனத்தில் கழுகோடு ஜீயஸ், பக்கத்தில் 'அலெக்சாந்தருடைய' என்று கிரேக்கத்தில். மாசிடோனிய அரச குடும்பம் ஹெராக்ளிஸை மூதாதையாகக் கொண்டாடியதால், அந்த முகத்தில் அலெக்சாந்தரின் ஜாடை இருக்கிறதோ என்ற பேச்சு உண்டு. அலெக்சாந்தரின் முகமேதான் வேண்டுமென்றால், அவர் இறந்த பிறகு அவருடைய தளபதி லைசிமாக்கஸ் அடித்த காசைப் பாருங்கள். காதருகே ஆட்டுக்கடாக் கொம்பு வளைந்திருக்கும், அது எகிப்தில் அவரைத் தன் மகன் என்று சொன்ன அம்மோன் தெய்வத்தின் கொம்பு. இன்னொன்று, சிங்கத்தோல் காசை அவர் கி.மு. 323-இல் இறந்த பிறகும் பல நகரங்கள் நெடுங்காலம் அடித்துக்கொண்டே இருந்தன. 'அவர் உயிரோடிருந்தபோது அடித்தது' என்று சொல்லி விலை ஏற்றினால் எந்த அக்கசாலை, எந்த வகை எண் என்று கேளுங்கள். அமெரிக்க நாணயவியல் சங்கம் இதற்கென்றே இணையத்தில் இலவசத் தொகுப்பு வைத்திருக்கிறது, சரிபார்க்க அரை மணி நேரம் போதும்.

எனக்கு ஓர் ஆந்தைக் காசு எட்டாயிரம் ரூபாய்க்கு வருகிறது. படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா? (மதுரை வாசகர்)

வாங்காதீர்கள். நிஜமான ஆந்தை சுமார் 17.2 கிராம் இருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே. உங்களுடையது 14 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அங்கேயே முடிந்துவிட்டது. நான் முதலில் வாங்கிய ஆந்தையும் இப்படித்தான் போனது. அன்று எடை போடத் தோன்றவில்லை, பளபளப்பைப் பார்த்தே பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் அதீனாவின் கன்னத்தில் ஊசிமுனை அளவு குழிகள். உருக்கி ஊற்றும்போது வருகிற காற்றுக் குமிழி அது. விளிம்பைச் சுற்றி அரம் வைத்து ராவிய தடம், இரண்டு அச்சு சேரும் கோட்டை மறைக்க. ஆந்தைகளைச் சுத்தியலால் அடித்துத்தான் செய்தார்கள், நல்ல அடியில் கோடுகள் கூர்மையாக இருக்கும், வார்ப்பில் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். அதே சமயம், படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பயப்படாதீர்கள், கையால் அடித்ததில் அது சகஜம், அதீனாவின் தலைக்கவச இறகு முழுசாக விழுந்த காசுக்குத்தான் விலை கூடுதல்.

ஆனால் வார்க்காமல் புது அச்சு வெட்டி அடிக்கும் போலியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. ஜெர்மனியில் பெக்கர் என்பவர், 1830-இல் இறந்தவர், அவ்வளவு நேர்த்தியாகச் செய்தார். புதுக் காசுகளை இரும்புத் துருவலோடு பெட்டியில் போட்டு வண்டிக்கடியில் கட்டி ஊர் சுற்றி வருவார், உரசி உரசிப் பழசாகிவிடும் என்று சொல்வார்கள். அதனால்தான் காசைவிட விற்பவரைப் பார் என்கிறேன். எழுத்து மூலம் உத்தரவாதம், போலி என்று எப்போது தெரிந்தாலும் பணம் திரும்ப, இந்த இரண்டும் தராதவரிடம் நிஜக் காசு இருந்தாலும் வேண்டாம்.

போலி இன்றைய வியாதி இல்லை. கி.மு. 375-இல் ஏதென்ஸ் ஒரு சட்டமே போட்டது. சந்தையில் அரசு வைத்த ஒரு அடிமை உட்கார்ந்து காசுகளைச் சோதிப்பான், உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்டி, தெய்வங்களின் தாய்க்குச் சொந்தம் என்று ஒப்படைத்துவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் கல்வெட்டு 1970-இல் ஏதென்ஸ் அகோராவில், அதாவது பழைய சந்தை மைதானத்தில், கிடைத்தது. பழைய ஆந்தைகளில் உளி வெட்டு இருப்பதும் இதற்காகத்தான், உள்ளே வெள்ளியா என்று யாரோ ஒரு வியாபாரி பார்த்திருக்கிறான். அப்படி வெட்டுப்பட்ட ஆந்தை விலை குறைவு. நான் ரெண்டாவது தடவை வாங்கியது அதுதான், எனக்கு அந்த வெட்டுத்தான் பிடித்திருக்கிறது.

வெண்கல ரோமானியக் காசை அம்மா புளி போட்டுத் தேய்த்துவிட்டார். இப்போது பளிச்சென்று இருக்கிறது. நல்லதுதானே? (தஞ்சாவூர் மாணவி)

அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்குச் சரியில்லை. நூற்றாண்டுகளாகப் படிந்த அந்தக் கரும்பச்சைத் தோல்தான் உள்ளே இருக்கும் எழுத்தைக் காப்பாற்றியது. போனது போனதுதான், செயற்கையாகக் கறுப்பு ஏற்ற முயல வேண்டாம். இனி மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போடுங்கள், நாள்கணக்கில், தண்ணீரை மாற்றி மாற்றி. வெளிர்ப்பச்சைத் தூளாக உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை, உப்பால் வருகிற அரிப்பு, அந்தக் காசைத் தனியே வையுங்கள். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பி.வி.சி. உறை கூடாது, நம் வெயிலில் அது இளகிக் காசில் ஒட்டும்.

தாத்தா அந்தக் காலத்தில் அமராவதி ஆற்று மணலில் எடுத்ததாகச் சொல்லி ஒரு வெள்ளிக் காசு வீட்டில் இருக்கிறது. தலையும், மறுபக்கம் உட்கார்ந்த பெண்ணும். விற்கலாமா? (கரூர் வாசகர்)

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் திபேரியஸ் மன்னரின் டெனாரியஸாக இருக்கலாம். மிளகு வாங்க வந்த ரோமானியக் கப்பல்களோடு தென்னிந்தியாவுக்கு அதிகம் வந்த காசுகளில் அது ஒன்று. அந்தப் பெண் சமாதானத் தெய்வம் பாக்ஸ், மன்னரின் தாய் லிவியாவின் சாயலில் என்பது பொதுவான கருத்து.

விற்கும் யோசனையை நிறுத்திவையுங்கள். 1878-இல் போட்ட புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசும் தொல்பொருள், அதை நாட்டைவிட்டுத் தனியார் வெளியே அனுப்பக் கூடாது. ஒரு வழக்கறிஞரிடமோ தொல்லியல் துறையிலோ பேசிவிட்டு முடிவெடுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் காசும் நூறு வருடம் தாண்டியதுதான், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம் என்று நம்பி வாங்காதீர்கள். துருக்கி, கிரீஸ் பக்கம் சுற்றுலா போனால் வழியில் யாராவது நீட்டும் காசைத் தொடக்கூட வேண்டாம், துருக்கியில் அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவது சிறைக்குப் போகும் குற்றம். சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசு ஒன்று 2020-இல் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது, இதற்கு முன் யாரிடம் இருந்தது என்று காட்டிய விவரம் பொய் என்று தெரிந்து 2023-இல் கிரீஸுக்கே திரும்பியது. காசு நிஜம், காகிதம்தான் பொய்.

நம் தெய்வங்கள் யாராவது கிரேக்கக் காசில் உண்டா? (யாழ்ப்பாண வாசகர்)

உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பாக்டிரியாவை (இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம்) ஆண்ட அகத்தோக்ளிஸ் என்ற கிரேக்க மன்னரின் வெள்ளிக் காசுகள் ஆறு, 1970-இல் ஆப்கானிஸ்தானின் ஐ-கானூமில் கிடைத்தன. சதுரக் காசு. ஒரு பக்கம் கலப்பையோடு பலராமன், மறுபக்கம் சக்கரத்தோடு கிருஷ்ணன். ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, ஒரு பக்கம் நம் பழைய பிராமி எழுத்து.

அதற்குச் சுமார் முந்நூறு வருடம் கழித்துக் ஆப்கானிஸ்தானையும் வட இந்தியாவையும் ஆண்ட குஷான மன்னர் ஹுவிஷ்கரின் தங்கக் காசு. அவருடைய காசுகளில் ஹெராக்ளிஸும் உண்டு, ஈரானியத் தெய்வங்களும் உண்டு, ஒன்றில் இரண்டு இளைஞர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். சுற்றிலும் கிரேக்க எழுத்தில் 'ஸ்கந்தோ கொமாரோ, பிசாகோ'. ஸ்கந்த குமாரனும் விசாகனும்! நமக்கு முருகனின் இரண்டு பெயர், அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர். விலைக்கு வாங்கும் ஆசை வேண்டாம், மாதச் சம்பளத்துக்கு எட்டாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அந்த எழுத்தை நீங்களே ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துப் பாருங்கள், கிரேக்க எழுத்து இருபத்து நாலுதான், ஒரு வாரத்தில் வந்துவிடும்.