மகள் லினக்ஸ் சர்வர் வேலைக்குப் போகலாமா? கவலைப்படும் ஒரு தாய்க்கு

வணக்கம் அம்மா.

கணினி அறிவியல் கடைசி வருடம் படிக்கும் உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கூடப் படிப்பவர்கள் எல்லாம் புரோகிராமிங் வேலைக்குத் தயாராகும்போது இவள் மட்டும் சர்வர் நிர்வாகம்தான் (இணையதளங்களும் செயலிகளும் ஓடும் கணினிகளைப் பராமரிப்பது) வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றும், “எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதாமே, அந்த வேலை இனி இருக்குமா? ராத்திரி டூட்டி வேறு உண்டாமே?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

கிளவுட் என்பது பெரிய நிறுவனங்களின் சர்வர்களை இணையம் வழியே வாடகைக்கு எடுப்பதுதான். அந்த மெஷின்களிலும் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம்தான். உலகின் வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் தவிர வேறெதுவும் இல்லை. குறைந்துபோனது கையால் செய்யும் வேலை: டிஸ்க் மாற்றுவது, கேபிள் செருகுவது, ஒரே கமாண்டை நூறு சர்வரில் தனித்தனியாகத் தட்டுவது. கிளவுடில் முதல் இரண்டையும் அந்த நிறுவனமே பார்த்துக்கொள்கிறது, கடைசியை அன்சிபிள் மாதிரி தானியங்கிக் கருவிகள் செய்கின்றன. கோளாறுகள் மட்டும் குறையவில்லை. பதவியின் பெயரும் மாறிவிட்டது. வேலைவாய்ப்புத் தளங்களில் ‘லினக்ஸ் அட்மின்’ என்று மட்டும் தேடினால் கொஞ்சம்தான் கண்ணில் படும். டெவ்ஆப்ஸ், எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர்), பிளாட்ஃபார்ம் இன்ஜினியர் என்றும் தேடச் சொல்லுங்கள்.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் பழைய ரகங்களுக்காக இப்போது பணம் கட்டிப் படிக்க வேண்டாம். அவற்றில் ஒன்றான எச்பி-யூஎக்ஸின் வழக்கமான ஆதரவு 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இன்னொன்றான ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் பெரிய வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இன்னும் ஓடுகிறது. லினக்ஸ் நன்றாகத் தெரிந்தவர்கள் அதை வேலைக்குப் போன இடத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, இந்த வேலை அவளுக்கு ஒத்துவருமா? மதிப்பெண்ணை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒரு கோளாறு வந்தால் அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். சர்வரில் டிஸ்க் நிரம்பி மென்பொருள் நின்றுவிடுகிறது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் ‘டிஎஃப்’ கமாண்ட் 100 சதவீதம் என்கிறது. எந்த ஃபோல்டர் இடத்தை அடைக்கிறது என்று ‘டியூ’ கொடுத்துக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. மீதி இடம் எங்கே போனது? யாரோ ஒரு பெரிய லாக் ஃபைலை (புரோகிராம் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் ஃபைல்) அழித்திருக்கிறார்கள். ஃபைலின் பெயர் போய்விட்டது, ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. அது விடுகிற வரை இடம் திரும்பாது. ‘எல்எஸ்ஓஎஃப்’ கமாண்ட் கொடுத்தால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் ஃபைல்கள் வரிசையாக வந்து நிற்கும். அந்த ஒரு புரோகிராமை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும், அடைபட்ட இடம் திரும்பக் கிடைக்கும்.

சர்வரையே ரீபூட் செய்தாலும் இடம் கிடைக்கும். அவசரக்காரர்கள் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அதில் வேலை செய்துகொண்டிருந்த எல்லாருக்கும் சேவை அறுந்துபோகும், காரணமும் தெரியாமல் போகும். கொஞ்ச நாளில் அதே டிஸ்க் மறுபடி நிரம்பும். நல்ல நிர்வாகி இதோடு விடமாட்டார். அந்த லாக்கைக் கையால் அழிக்கும் நிலை ஏன் வந்தது, பழைய லாக்குகளைத் தானாகக் கழிக்கும் லாக்ரொடேட் ஏன் ஒழுங்காக ஓடவில்லை என்று தோண்டி, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ‘ஏன்’ என்ற கேள்வி உங்கள் மகளைத் தூங்கவிடாது என்றால் தைரியமாக அனுப்புங்கள். ‘எப்படியோ சரியாகிவிட்டதல்லவா’ என்று நகர்கிற சுபாவம் என்றால் இந்த வேலையில் சிரமப்படுவாள்.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, ராக்கி லினக்ஸோ அல்மாலினக்ஸோ அப்படி இரண்டு மெஷின்களில் நிறுவலாம். இரண்டும் இலவசம், நிறுவனங்கள் பணம் கட்டிப் பயன்படுத்தும் ரெட் ஹேட் லினக்ஸோடு ஒத்துப்போகிறவை. நிறுவியதோடு நின்றால் பயனில்லை. வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்க வேண்டும். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரியைத் தப்பாக எழுதி, மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்போது மீட்கட்டும். ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) பாஸ்வேர்டை மறந்ததாக வைத்துக்கொண்டு மாற்றட்டும். லட்சக்கணக்கில் காலி ஃபைல்களை உருவாக்கி ஐநோடை (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்த்துவிட்டு, டிஸ்கில் இடம் இருந்தும் ‘இடமில்லை’ என்று ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதட்டும்: என்ன அறிகுறி, எதைச் சந்தேகித்தேன், எது இல்லை என்று எப்படித் தெரிந்தது. இன்டர்வியூவில் அந்த நோட்டுதான் பேசும். ஏஐயிடம் கேட்டால் கமாண்ட் உடனே கிடைக்கும். அதை ஓடும் சர்வரில் தட்டலாமா கூடாதா என்று முடிவெடுக்க இந்தப் பழக்கம்தான் வேண்டும்.

சான்றிதழ் என்றால் ரெட் ஹேட் நிறுவனம் தரும் ஆர்எச்சிஎஸ்ஏ ஒன்று போதும். மூன்று மணி நேரம் நிஜ மெஷினில் செய்து காட்டும் தேர்வு அது. செய்த மாற்றங்கள் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் இல்லை. கேள்வித்தாளை மனப்பாடம் செய்து தேற வைப்போம் என்கிற பயிற்சி மையம் எதுவானாலும் தள்ளிவிடுங்கள்.

பேக்கப் விஷயத்தில் அவளுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். 2017 ஜனவரி 31 அன்று புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் இரவு வெகுநேரம் சிக்கலோடு போராடிய ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. நடந்ததை நிறுவனமே விரிவாக வெளியிட்டது. அந்தப் பொறியாளர் மீது பழி போடவில்லை, செயல்முறையில் இருந்த ஓட்டைகளைத்தான் எழுதியது. ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்றே எண்ணாத பழக்கம் அவளுக்கு இப்போதே வரட்டும்.

இனி ராத்திரி டூட்டி. இருக்கிறது, மறைக்கமாட்டேன். சர்வர்களை அப்டேட் செய்வது பெரும்பாலும் கூட்டம் குறைந்த இரவிலோ வார இறுதியிலோதான். அழைத்தால் எழுந்து பார்க்கும் ஆன்-கால் முறையும் உண்டு. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் இது மலைக்கும் மடுவுக்குமாக மாறும். அதனால் வேலையை ஏற்கும் முன் அவளே கேட்கட்டும்: ஆன்-காலை எத்தனை பேர் பகிர்கிறார்கள், இரவு வேலை பார்த்தால் மறுநாள் ஓய்வு உண்டா, வீட்டிலிருந்தே பார்க்கலாமா, புதிதாகச் சேர்ந்தவரைத் தனியாக விடுவார்களா, கூட ஒரு சீனியர் இருப்பாரா. இரண்டு பேர் மட்டுமே மாற்றி மாற்றிப் பார்க்கும் குழு என்றால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம்.