பல் பேசும், கார்டு இருந்தால்

கேள்வி: எலும்புக்கூட்டைப் பல்லை வைத்து அடையாளம் கண்டதாகச் செய்தியில் படித்தேன். உடம்பே மக்கிய பிறகு பல் எப்படி ஆளைச் சொல்லும்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பல்லில் யார் பெயரும் பொறித்திருப்பதில்லை, அம்மா. பல்லின் மேல் ஓடான எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். விரல்ரேகை அழிந்த பிறகும் அது நிற்கும். கடைவாய்ப்பற்கள் கன்னத்துக்குள் ஒளிந்திருப்பதால் தீயிலும் ஓரளவு தப்பும். ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடு இருந்தபோது எடுத்த எக்ஸ்ரேயோ, பல் மருத்துவர் சிகிச்சைக் குறிப்பு எழுதிவைத்த கார்டோ வேண்டும். அடைத்த சிமென்டின் வடிவம், வேரின் வளைவு, ரூட் கேனால் செய்த பல் எல்லாம் பொருந்த வேண்டும். கார்டில் இருக்கும் பல் எலும்புக்கூட்டில் இல்லாவிட்டால் பிறகு பிடுங்கியிருக்கலாம். பிடுங்கியதாகக் கார்டு சொல்லும் பல் அங்கே இருந்தாலோ, அது வேறு ஆள்.

உங்கள் ஊருக்கு உறவான பாரிஸில் 1897 மே 4 அன்று அறக்கொடைச் சந்தை ஒன்று தீப்பிடித்து 120 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆஸ்திரிய மகாராணியின் தங்கையை அவருடைய பல் மருத்துவர்தான் அடையாளம் காட்டினார். 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவர் பலரையும் அவர்கள் ஊர்ப் பல் குறிப்புகளே வீடு சேர்த்தன.

அதே சுனாமிக்குப் பிறகு திருப்பாதிரிப்புலியூரில் இருந்த என் கிளினிக்குக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்தார். "என் தம்பிக்கு நீங்கள்தானே டாக்டர் பல் கட்டினீர்கள்? எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. பழைய கார்டுகளைக் கரையான் தின்றதும் நான் மொத்தமாக எரித்துவிட்டிருந்தேன். வலமா இடமா என்று அவர் மறுபடியும் கேட்டார். அன்றைக்குப் பிறகு ஒரு கார்டையும் நான் தூக்கிப் போட்டதில்லை. நீங்களும் எக்ஸ்ரே நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள். மருந்துச் சீட்டோடு வைத்தால் மளிகைக் கணக்கு எழுதப் போய்விடும்.

கேள்வி: குறிப்பே இல்லாவிட்டால்?
– அதே வாசகி

பதில்: குழந்தை என்றால் பல் வளர்ச்சியை வைத்து வயதை ஓரளவு நெருக்கமாகச் சொல்லலாம். பெரியவர்களுக்கு உத்தேசம்தான். பல்லுக்குள் இருக்கும் மென்மையான பற்கூழிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம், அதற்கும் ஒப்பிட ரத்த உறவு ஒருவர் வேண்டும்.

கேள்வி: மாமியாரின் பல் செட்டில் பெயர் போடலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தாராளமாக. மெல்லிய தாளில் பெயர் எழுதி, செட்டின் கன்னப் பக்கத்தில் பதித்து நிறமற்ற அக்ரிலிக்கால் மூடுவார்கள். புதிதாகச் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். முதியோர் இல்லத்தில் செட் மாறிப்போகும் சண்டையும் மிச்சம்.