எழுதப் பிடிக்காத பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம்?

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்பது வயது மகனை வீட்டிலேயே படிக்க வைக்கிறீர்கள். கணக்கு ஓடுகிறது, வாசிப்பும் ஓடுகிறது. எழுது என்றால் மட்டும் பென்சில் தொலைந்துவிடுகிறது, தாகம் எடுக்கிறது, வயிறு வலிக்கிறது. இரண்டு பாடத்திட்டங்கள் வாங்கியும் முதல் சில பக்கங்களைத் தாண்டவில்லை. மூன்றாவதாக எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். "இப்படியே போனால் நாளைக்கு எந்த வேலைக்குப் போவான்?" என்று உங்கள் கணவர் கவலைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

அவருடைய கேள்விக்குப் பதில் சுலபம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்பது வயதில் எழுத மறுப்பதை வைத்து இருபத்தைந்து வயது வேலையைக் கணிக்க முடியாது. எழுத்தே இல்லாத வேலை அநேகமாக இல்லை, அதையும் மறைக்கவில்லை. மருத்துவர் நோயாளியைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறார். பொறியாளர் அறிக்கை தருகிறார். ஏசி பழுதுபார்ப்பவர்கூட என்ன கோளாறு, எதை மாற்றினேன் என்று வாடிக்கையாளருக்கு நாலு வரி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் எதிர்பார்ப்பது நடந்ததை வரிசை மாறாமல், படிப்பவருக்குப் புரியும்படி சொல்வதைத்தான். முன்னுரை, முடிவுரை, நடுவில் மேற்கோள் என்று யாரும் கேட்பதில்லை. வரிசையாகச் சொல்லும் பழக்கம் பேச்சில்தான் தொடங்குகிறது. பேச்சு உங்கள் மகனுக்குக் குறைவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்வி. மூன்றாவதை இப்போது வாங்காதீர்கள். ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அவனுக்கு எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதை அந்த ஒரு வாரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் வாங்கினால் மூன்றாவதும் அலமாரிக்குத்தான் போகும்.

எழுதுவது என்று ஒற்றைப் பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. மனதில் இருப்பதை வாக்கியமாக்குவது ஒரு வேலை. அந்த வாக்கியத்தை எழுத்துக்கூட்டிக் கையால் தாளில் இறக்குவது இன்னொரு வேலை. பெரியவர்களுக்கு இரண்டாவது பழகிப்போனதால் அது ஒரு வேலை என்பதே மறந்துவிட்டது. குழந்தைக்கு அப்படியில்லை. இந்த எழுத்து எப்படி வளையும், அடுத்தது எந்த எழுத்து, எவ்வளவு இடைவெளி விடணும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது நழுவிவிடும். ஒரே சமயத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். எழுத்துக்கூட்டே அதை எடுத்துக்கொண்டால் கருத்துக்கு மிச்சம் ஏது? நாம் 'சோம்பேறி' என்று பெயர் வைக்கும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் திணறுபவர்கள்.

ஒரு நாள் அவனுக்குப் பிடித்ததைப் பற்றி, அவன் கட்டிய ஏதாவது பொம்மை இயந்திரமாகக்கூட இருக்கலாம், வாயால் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்னொரு நாள் அவனால் சரளமாக வாசிக்க முடிந்த ஒரு பத்தியிலிருந்து மூன்று வரியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கவனியுங்கள். பென்சிலை எப்படிப் பிடிக்கிறான், எவ்வளவு அழுத்துகிறான், எத்தனை எழுத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மூலத்தைப் பார்க்கிறான், எந்த வரியில் கையை உதறுகிறான் என்பதெல்லாம் முக்கியம். மூன்றாவது நாள் அதே அளவு கடினமுள்ள ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்ல, அவன் எழுதட்டும். எதையும் திருத்தாதீர்கள். பரீட்சை என்றும் சொல்லாதீர்கள்.

வாயால் மளமளவென்று சொல்கிறான், பார்த்து எழுதுவதே பாடாக இருக்கிறது என்றால் சிக்கல் கையில். பார்த்து எழுதுகிறான், சொல்லச் சொல்ல எழுதும்போது பாதி வாக்கியம் காணாமல் போகிறது என்றால் எழுத்துக்கூட்டோ, வாக்கியத்தை மனதில் ஏந்தி வைப்பதோ இன்னும் பழகவில்லை. வாயால் சொல்வதே முன்னும் பின்னுமாக வருகிறதென்றால் அவனுக்கு எழுத்துப் பாடத்தைவிட நிறையக் கதை கேட்பதும் திருப்பிச் சொல்வதும்தான் தேவை. மூன்றும் சரியாக இருந்தும் மறுக்கிறான் என்றால், தப்பு வந்துவிடும் என்ற பயமா, தலைப்பு பிடிக்கவில்லையா என்று பாருங்கள். 'மழைக்காலத்தில் ஒரு நாள்' என்று யார் கேட்டாலும் எனக்கும்தான் எழுத வராது.

இப்போது பாடத்திட்டங்களுக்கு வருவோம். வீட்டுக்கல்விப் பெற்றோரிடையே அதிகம் புழங்கும் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சூசன் வைஸ் பவர் உருவாக்கிய 'ரைட்டிங் வித் ஈஸ்' நான்கு நிலைகள் கொண்டது. நான் மேலே சொன்ன இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பயிற்றுவிப்பதுதான் அதன் அடிப்படை. படித்துக்காட்டியதைக் குழந்தை வாயால் திருப்பிச் சொல்லும், பெரியவர் எழுதிக்கொள்வார். எழுதும் பழக்கத்துக்கு நல்ல வாக்கியங்களைப் பார்த்து எழுதுவதும், பிறகு கேட்டு எழுதுவதும். சொந்தமாகக் கதை எழுது, கட்டுரை எழுது என்ற நச்சரிப்பு கிடையாது. கையிலோ எழுத்துக்கூட்டிலோ மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு இது நிம்மதி. கற்பனை பொங்கும் பிள்ளைக்கு, அடுத்தவர் எழுதியதையே சொல்லிக்கொண்டிருப்பது சலித்துப்போகும். இந்த முறையின் வேர் பழையது. சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் ஆறு வயதிலிருந்து வாய்வழிச் சொல்லலையே அடித்தளமாக வைத்தார். முறையான கட்டுரைப் பாடத்தைச் சின்ன வயதில் அவர் கொடுக்கவில்லை.

ஐஈடபிள்யூ (இன்ஸ்டிட்யூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆண்ட்ரூ புடேவாவின் திட்டம் வேறு ரகம். 'என்ன எழுதுவது?' என்று வெறும் தாளைப் பார்த்து உறைந்துபோகும் பிள்ளைக்கு அது கைகொடுக்கும், ஏனென்றால் எழுத வேண்டிய விஷயத்தை அதுவே தந்துவிடுகிறது. ஒரு சிறு பத்தியைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் அதிகபட்சம் மூன்று முக்கியச் சொற்களை எடுத்துக் குறிக்க வேண்டும். பிறகு மூலத்தை மூடிவிட்டு, சொற்களை மட்டும் பார்த்துச் சொந்த வாக்கியத்தில் சொல்ல வேண்டும். 'எறும்புகள் போகும் வழியில் ஒரு வாசனையை விட்டுச் செல்ல, பின்னால் வருபவை அதைப் பிடித்தே வருகின்றன' என்ற வாக்கியம் தாளில் 'எறும்பு, வாசனை, பின்னால்' என்று ஆகிவிடும். அதைப் பார்த்து, "முன்னாடி போன எறும்பு வாசனை விட்டுட்டுப் போகும், அதை மோந்து பார்த்துத்தான் மத்ததெல்லாம் வரும்" என்று பையன் சொல்வான். எழுத வேண்டியது அதைத்தான். கட்டுப்பாடு பிடித்த பிள்ளைகள் இதில் நன்றாக வருவார்கள். அடுத்தடுத்த படிகளில் ஒவ்வொரு பத்தியிலும் இந்த வகைச் சொல் ஒன்று, அந்த வகை வாக்கியம் ஒன்று என்று பட்டியல் நீளும். அங்கே நடை செயற்கையாகிவிடுவது எனக்கு உவப்பில்லை. பட்டியலைப் பாதியாக வெட்டிவிட்டுப் பயன்படுத்தினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஜூலி போகார்ட் தொடங்கிய 'பிரேவ் ரைட்டர்' பயந்த பிள்ளைக்கானது. சின்ன வயதில் குழந்தை தானாகப் பேசுவதைப் பெற்றோர் எழுதிக்கொள்வது, அடுத்த கட்டத்தில் இருவரும் சேர்ந்து எழுதுவது, பிறகு குறித்த நிமிடங்களுக்குப் பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதித் தள்ளுவது என்று போகும். குழந்தைக்கு அழுத்தம் குறைவு, உங்களுக்கு வேலை அதிகம். இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் புத்தகம் வேண்டுமென்றால் இதில் திணறுவீர்கள். பாடத்திட்டம் பிள்ளைக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, நடத்தப்போவது நீங்கள். ஏற்கெனவே வாங்கிய இரண்டும் தோற்றதற்கு அவன் மட்டும்தான் காரணமா, தினமும் முக்கால் மணி நேரம் உங்களுக்குக் கிடைக்காததும் காரணமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இந்த மூன்றும் ஆங்கிலத்தில் இருப்பவை. முறையைத் தமிழில் நடத்த எந்தத் தடையும் இல்லை. அவன் பேச்சுத் தமிழில் சொன்னால் "வண்டி கவுந்துடுச்சு" என்பதை அப்படியே எழுதுங்கள். 'கவிழ்ந்துவிட்டது' என்று நீங்கள் மாற்றிவிட்டால், தான் சொன்னது எழுதத் தகுதியில்லாதது என்று எடுத்துக்கொள்வான். எழுத்து நடைக்கு மாற்றுவது தனி விளையாட்டு, இன்னொரு நாள் செய்யலாம்.

இலக்கணப் பயிற்சி ஏட்டை வாங்கிக் கொடுத்தால் எழுத்து வந்துவிடும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் 2007-இல் வெளியிட்ட 'ரைட்டிங் நெக்ஸ்ட்' அறிக்கை, நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. எழுத்தை மேம்படுத்துவதில் அதிகப் பலன் தந்தது, திட்டமிடுவது எப்படி, திருத்துவது எப்படி என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் முறை. சிறு வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியும் பலன் தந்தது. இலக்கணத்தை மட்டும் தனியாகப் பிரித்து நடத்தியது எழுத்துக்கு உதவவில்லை. வாக்கிய இணைப்புக்கு நீங்கள் எதையும் வாங்க வேண்டாம். 'நாய் குரைத்தது. அது கறுப்பு நாய். திருடன் ஓடினான்.' மூன்றையும் ஒன்றாக்கு என்று கேளுங்கள். "கறுப்பு நாய் குரைத்ததும் திருடன் ஓடினான்" என்பான். "திருடன் ஓடினதாலதான் நாய் குரைச்சுது" என்றும் சொல்லலாம். யார் முதலில் செய்தது என்று இரண்டு பேரும் சண்டை போடுங்கள். அந்தச் சண்டைதான் பாடம்.

எதை வாங்கினாலும் மாதிரிப் பக்கங்களை இறக்கி ஒரு வாரம் நடத்திப் பாருங்கள். வயதைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரும்பாலான திட்டங்களில் நிலையறியும் சோதனை இருக்கும். அது ஏழு வயதுப் புத்தகத்தைக் காட்டினால் அதையே எடுங்கள், அட்டையில் வயது போட்டிருந்தால் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். அவன் எழுதுவதற்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அவன் எழுதிய ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிழையை மட்டும் சொல்லுங்கள். அறிவியல், வரலாறு எல்லாவற்றிலும் எழுதச் சொல்லி, பிறகு எழுத்துப் பாடத்திலும் எழுதச் சொன்னால் யாருக்கும் வெறுப்பு வரும். மற்ற பாடங்களில் வாயால் பதில் சொல்லட்டும்.

உண்மையான வாசகர் ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவன் கண்டுபிடித்த ஒரு விளையாட்டின் விதிகளை எழுதட்டும் (அவன் சொல்ல நீங்கள் எழுதினாலும் சரி). அந்தத் தாளை மட்டும் வைத்து அப்பா விளையாட வேண்டும், மகன் வாய் திறக்கக் கூடாது. மூன்றாவது விதியில் அப்பா காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பார். பையன் பென்சிலைப் பிடுங்கி அந்த வரியைத் திருத்துவான். கவலைப்படும் அப்பாவுக்கும் இது நல்ல வேலை.

தட்டச்சு கற்றுக்கொடுக்கலாமா? தாராளமாக. கை சிக்கல் உள்ள பிள்ளைக்கு இந்த வயதிலேயே தொடங்கலாம், கையெழுத்தைக் கைவிடாமல். வாய்ஸ் டைப்பிங்கும் சரிதான், தான் சொன்னதைத் திரையில் வாசித்து அவனே சரிசெய்தால். "ஏஐ எழுதித் தருமே, இவன் எதற்கு எழுதணும்?" என்று இப்போது நிறையப் பெற்றோர் கேட்கிறார்கள். அது எழுதித் தந்தது சரியா, தான் சொல்ல வந்தது அதுதானா என்று பார்க்கவாவது எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது வயதில் எழுதும் வேலையை அதனிடம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு செய்தும் ஆறு மாதத்தில் அசைவே இல்லை, பார்த்து எழுதுவதே வேதனையாக இருக்கிறது, எழுத்துகளின் அளவும் இடைவெளியும் கட்டுக்குள் வரவில்லை, வாய்க்கும் தாளுக்கும் இடையே பெரிய பள்ளம் தெரிகிறது என்றால் பாடத்திட்டம் மாற்றுவதை நிறுத்துங்கள். முதலில் கண் பரிசோதனை. பிறகு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது போன்ற அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தருபவர்), கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் உளவியலாளர். டிஸ்கிராஃபியா என்ற எழுத்துக் குறைபாடு அறிவுக் குறைவு அல்ல. முறையான மதிப்பீட்டுச் சான்று இருந்தால் பல தேர்வு வாரியங்கள் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுத ஆளோ அனுமதிக்கின்றன. அந்த ஏற்பாடுகளுக்குக் காலம் பிடிக்கும் என்பதால் பொதுத்தேர்வு வருடம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, அவன் தங்கையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆறு வயது, பக்கம் பக்கமாக எழுதுகிறாள், அவளுக்கும் அதே திட்டமா என்று. வேண்டாம். அவளுக்கு இப்போது எதுவும் வாங்க வேண்டாம், தாள் மட்டும் கொடுங்கள். இருவரையும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் எழுத உட்கார வைக்காதீர்கள்.