வேர்க்கடலை, முந்திரி, பாதாம்: குழந்தைக்கு எப்போது, எப்படி?

குழந்தைகள் நல மருத்துவராக 26 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் பெரும்பகுதி உணவு ஒவ்வாமையோடு கழிந்தது. அதனால் அதுபற்றிய கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. மூன்று வயது வரை வேர்க்கடலையைக் கண்ணில் காட்டக் கூடாது என்று என் மாமியாரிடம் ஒரு மருத்துவர் சொன்னாராம். சரியா டாக்டர்?

அந்த மருத்துவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஒரு காலத்தில் நானும் அதையேதான் சொல்லி அனுப்பினேன். ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு வேர்க்கடலையும் மற்றக் கொட்டைப் பருப்புகளும் மூன்று வயதுக்குப் பிறகே என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்தியது. தள்ளிப்போடுவதால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. ஆனாலும் பழைய பேச்சு இன்னும் வீடுகளில் உலவிக்கொண்டிருக்கிறது. அதைப் பரப்பியவர்களில் ஒருத்தி என்பதால்தான் இங்கே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

அதே 2008-இல் இன்னொன்று நடந்தது. லண்டனைச் சேர்ந்த கிடியன் லாக் குழுவினர், பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். பிரிட்டனில் 1.85 சதவீதம் பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. இஸ்ரேலில் 0.17 சதவீதம்தான். இஸ்ரேல் குழந்தைகள் ஒரு வயது ஆவதற்குள்ளேயே வேர்க்கடலைப் பண்டம் சாப்பிட்டுப் பழகியவர்கள், பிரிட்டனிலோ தள்ளிவைத்திருந்தார்கள். இதைச் சோதிக்க, கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி), முட்டை ஒவ்வாமை, அல்லது இரண்டும் இருந்த 640 குழந்தைகளை 4 முதல் 11 மாத வயதில் சேர்த்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வாரந்தோறும் வேர்க்கடலை சாப்பிட்டது, மறுபாதி தொடவே இல்லை. ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம். லீப் என்ற பெயரில் 2015-இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் கடலையின் துகள், வெடித்துப்போன தோல் வழியாகக் குழந்தையின் உடலுக்குள் போனால், உடல் அதை எதிரியாகப் பதிவு செய்கிறது. அதே புரதம் வாய் வழியாக வயிற்றுக்குப் போனால், உணவு என்று ஏற்கப் பழகுகிறது. நாம் தட்டிலிருந்து எடுத்துவிட்டோம். ஆனால் தோல் வழியாக அது வந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே அம்மா, மகள் கழுத்து நின்று, மற்ற இணை உணவைச் சிரமமில்லாமல் விழுங்குகிறாள் என்றால் இப்போதே தொடங்கலாம். மாவாகவோ விழுதாகவோ மட்டும். முழுப் பருப்பு ஐந்து வயது வரை கூடவே கூடாது.

முதல் தடவை எவ்வளவு, எந்த நேரத்தில்?

குழந்தை நலமாக இருக்கும் நாளில், காலையிலோ நண்பகலிலோ கொடுங்கள். காய்ச்சல், சளி இருந்தால் வேண்டாம். உப்பும் சர்க்கரையும் சேர்க்காத வேர்க்கடலை விழுதைக் கொஞ்சம் வெந்நீரோ தாய்ப்பாலோ விட்டு நீர்க்கக் கரைத்து, ஆறவிடுங்கள். கெட்டியான விழுது தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கரண்டி நுனியில் தொட்டுக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் மீதியை மெதுவாகக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். ஒத்துக்கொண்டால், தடவைக்கு இரண்டு சிறு கரண்டி விழுது, வாரத்தில் மூன்று நாள் என்று தொடருங்கள். ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடுவதில் பயனில்லை. முந்திரி, பாதாம், வால்நட் ஒவ்வொன்றையும் இதே முறையில், தனித்தனி நாளில் அறிமுகப்படுத்துங்கள்.

பூசணம் பிடித்த கடலையை வறுத்தாலும் அதிலுள்ள நஞ்சு முழுதாக அழியாது. சந்தேகம் வந்தால் எறிந்துவிடுங்கள்.

எட்டு மாத மகனுக்குக் கன்னம், முழங்கை மடிப்பெல்லாம் கரப்பான். களிம்பு போட்டும் அடங்கவில்லை. கொடுக்கலாமா?

உங்கள் மகனுக்குத்தான் இது மிக அவசியம், ஆனால் வீட்டில் நீங்களாகத் தொடங்க வேண்டாம். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால், முதலில் தோல் குத்துச் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்து, தேவைப்பட்டால் முதல் வாயை மருத்துவர் முன்னிலையில் கொடுப்பார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள், இந்த வாரமே போங்கள். கரப்பானுக்கான சிகிச்சையையும் விட்டுவிடாமல் தொடருங்கள்.

மகளுக்கு ஒன்றரை வயது. இதுவரை கொடுக்கவில்லை. காலம் கடந்துவிட்டதா?

இல்லை. கரப்பானோ உணவு ஒவ்வாமையோ இல்லையென்றால், மேலே சொன்ன முறையில் நாளைக்கே தொடங்குங்கள்.

பாதாம் சாப்பிட்டால் அறிவு வளருமா?

எந்த ஒரு தனிப் பருப்பும் அறிவை வளர்க்காது.

என் மகன் ஒன்றரை வயதிலிருந்தே ஊறவைத்த பாதாமை முழுசாகக் கடித்துச் சாப்பிடுகிறான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். ஊறினால் மென்மையாகிவிடுகிறதே, நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ஐயா, ஊறிய பாதாம் பல்லுக்குத்தான் மென்மை, மூச்சுக்குழாய்க்கு அது கல். இரண்டரை வயதை ஒட்டித்தான் பின்கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அரைத்து விழுங்கும் திறன் கைவர இன்னும் காலம் ஆகும். அதுவரை குழந்தை கடித்து உடைக்கும், அரைக்காது. சிரிக்கும்போதோ அழும்போதோ ஒரு துண்டு உள்ளே இழுபட்டுவிடும்.

மூன்று வாரமாக இளைப்பு என்று இரண்டு வயதுக் குழந்தையை என்னிடம் கொண்டுவந்தார்கள். மருந்து மாற்றி மருந்து கொடுத்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் பருப்பு தெரியாது. இளைப்பு தொடங்கிய நாளில் என்ன நடந்தது என்று மீண்டும் மீண்டும் கேட்டபோதுதான், ஓடி விளையாடிக்கொண்டே கடலை சாப்பிட்டு இருமியது தாய்க்கு நினைவு வந்தது. மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டு எடுத்தோம். ஈரம் பட்டு ஊதியிருந்தது. பருப்பின் எண்ணெய் சுற்றிலும் புண்ணாக்கியிருந்தது. அந்தத் தாயின் முகத்தை மறக்க முடியவில்லை.

(மீண்டும் அவரே) அது அபூர்வம். ஆயிரம் குழந்தைகள் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். இரண்டாக உடைத்துக் கொடுத்தால்?

உடைத்த பாதி இன்னும் மோசம். சிறு குழந்தையின் மூச்சுக்கிளையை அடைக்க அந்த அளவே போதும். நன்றாக இருக்கும் ஆயிரம் குழந்தைகளை நீங்கள் பார்க்கிறீர்கள். மீதி ஒன்றை நான் பார்க்கிறேன். அதே பாதாமை அரைத்துக் கஞ்சியில் கலந்தால் அதன் சத்தில் எதுவும் குறையப்போவதில்லை. பிறகு எதற்காக இந்தப் பிடிவாதம்?

(இன்னொருவர், ஒரு பாட்டி) சீக்கிரம் கொடு என்கிறீர்கள், ஐந்து வயது வரை கொடுக்காதே என்றும் சொல்கிறீர்கள். இதில் எதை எடுத்துக்கொள்வது?

நல்ல கேள்வி, அம்மா. எல்லாக் குழப்பத்துக்கும் இதுதான் வேர். அபாயம் இரண்டு இருக்கிறது. ஒவ்வாமை என்பது புரதத்தால் வருவது, அதற்குச் சீக்கிரம் பழக்குவது நல்லது. புரை ஏறி மூச்சடைப்பது வடிவத்தால் வருவது, அதற்கு நாள் தள்ளுவது நல்லது. ஆகவே விழுது ஆறு மாதத்திலிருந்து, முழுப் பருப்பு ஐந்து வயதுக்குப் பிறகு. நான்கு வயது போதும் என்பவர்களும் உண்டு. நான் ஐந்து என்றுதான் சொல்வேன். அப்போதும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அப்படியே தொண்டையில் சிக்கிக்கொண்டால்?

பலமாக இருமினால் இருமவிடுங்கள். குரல் வராமல் திணறினால் உடனே தலை தாழ்த்திக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வெளிவராவிட்டால், ஒரு வயதுக்குட்பட்டவருக்கு மார்பில் ஐந்து அழுத்தம், அதற்கு மேற்பட்டவருக்கு வயிற்றில் உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள், ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். முறையான முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வாருங்கள்.

ஒன்பது மாதம். எப்போது தொடங்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பத்து மாதம். பாதாமைத் தோலுரித்து முழுசாகக் கொடுக்கலாமா?

கூடாது. இன்று இதை எத்தனை முறை எழுதினாலும் சலிக்க மாட்டேன். ஆனால் தயவுசெய்து மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

முன்கூட்டியே எல்லாப் பருப்புக்கும் இரத்தச் சோதனை செய்துவிட்டால் நிம்மதிதானே?

நிம்மதி வராது, குழப்பம்தான் வரும். சோதனையில் காட்டுவது உடல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டிருக்கிறது என்பதை மட்டுமே. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாத எத்தனையோ குழந்தைகளுக்கும் அப்படிக் காட்டும். தாளை நம்பித் தேவையில்லாமல் நிறுத்திவிட்டால், முன்பு நாங்கள் செய்த அதே தவற்றை நீங்கள் செய்வீர்கள்.

எடை கூட எத்தனை கிராம் முந்திரி?

குழந்தையைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

போன வாரம் முந்திரிக் கஞ்சி கொடுத்த கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, இரண்டு முறை வாந்தி. அலர்ஜி மருந்து கொடுத்ததும் அடங்கிவிட்டது. மறுபடி கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். இனி வீட்டில் முந்திரியும் வேண்டாம், பிஸ்தாவும் வேண்டாம். இரண்டும் நெருங்கிய உறவு, ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. தோலோடு வயிறும் சேர்ந்திருக்கிறது என்பதால் இதைச் சிறிய விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அலர்ஜி மருந்து அரிப்பை அடக்கும், உயிருக்கு ஆபத்தான எதிர்வினையை நிறுத்தாது. அதற்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவார்கள். அடுத்த முறை விடாத இருமல், இளைப்பு, குரல் கம்மல், துவண்டுபோதல் என்று எது தெரிந்தாலும் குழந்தையைப் படுக்கவைத்து உடனே அவசர உதவியை அழையுங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவிடலாம், தூக்கி நிறுத்தாதீர்கள். நாளைக்கே ஒவ்வாமை மருத்துவரிடம் போங்கள். வேர்க்கடலை ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டாம். மற்றப் பருப்புகளை அவர் சொல்லும் வரை தொடாதீர்கள்.

பாலூட்டும் தாய் நான் வேர்க்கடலை சாப்பிடலாமா?

உங்களுக்கு ஒவ்வாமை இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.