மஸ்கி மீனுக்கு எந்த லீடர், எந்த லூர் வாங்கலாம்?

மினசோட்டாவுக்குப் புதிதாக வந்திருப்பதாகவும், பாஸ் மீன் பிடித்துப் பழக்கம் உண்டு என்றும், இந்த வருஷம் மஸ்கி என்ற பெரிய, கூர்மையான பல்லுள்ள மீனுக்கு என்ன லீடர் (நரம்புக்கும் லூருக்கும் நடுவே கட்டும் பலமான துண்டு), என்ன லூர் (செயற்கை இரை) வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்குள் நுழைந்ததும் கண் லூர் தொங்கும் சுவருக்குத்தான் போகும். எனக்கும் அப்படித்தான். முதல் வருஷம் லூராக வாங்கிக் குவித்துவிட்டு, லீடர் மட்டும் இருப்பதில் மலிவாக ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டேன். ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் படகுக்குப் பத்தடி தள்ளி மீன் கவ்வியது. இரண்டு முறை தலையை உதறியது, அவ்வளவுதான். கம்பு லேசாகிவிட்டது. சுருட்டிப் பார்த்தால் லீடர் அறவே அறுபடவில்லை. நுனியில் லூரை மாட்டும் கொக்கியான ஸ்னாப் மட்டும் கம்பி நிமிர்ந்து வாயைப் பிளந்து கிடந்தது. காசு போனதைவிட, லூரின் அத்தனை தூண்டில் முள்ளையும் வாயில் வைத்துக்கொண்டு அந்த மீன் சுற்றுமே என்பதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது.

அதனால் முதல் செலவு லீடருக்கு. வீசிப் பிடிப்பதற்கு 100 முதல் 130 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பு, ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளம். பாஸுக்குப் போடும் 20 பவுண்டு நரம்பை மஸ்கியின் பல் ஒரு கடியில் முடித்துவிடும். ரொம்பக் குட்டையாக வாங்காதீர்கள். மாட்டியதும் மீன் உருளும், லீடரைத் தலையில் சுற்றிக்கொண்டு பின்னால் வரும் பிரெய்ட் (பின்னல்) நரம்பைப் பல்லுக்குக் கொடுத்துவிடும். மெயின் லைன் 80 பவுண்டு பிரெய்ட் போதும். ஒவ்வொரு முறை போகும்போதும் லீடரை நகத்தால் வருடிப் பாருங்கள். எங்கேயாவது சொரசொரவென்று தட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சூயிக் மாதிரி வெட்டி வெட்டி இழுக்கும் ஜெர்க்பெய்ட் வகை லூருக்கு மட்டும் ஒற்றைக் கம்பி லீடர். இழுத்து நிறுத்தும்போது நரம்பு தளரும். வளைகிற லீடராக இருந்தால் லூரின் முள் அதிலேயே கொக்கி போட்டுக்கொள்ளும். விறைப்பான கம்பியில் அந்தத் தொல்லை குறைவு. படகை ஓட்டியபடி இழுப்பதற்கு மூன்றடிக்கு மேல் நீளம் வேண்டும், அது இப்போது உங்களுக்குத் தேவைப்படாது.

லூர் மூன்று போதும். ஒன்று, இரட்டைத் தகடு சுழலும், முடிக்குஞ்சம் வைத்த பக்டெயில். 10-ஆம் நம்பர் தகடுதான் பிரபலம், ஆனால் நாள் முழுக்க இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். சீசன் தொடங்கும் ஜூனில் அதைவிடச் சிறிய 8-ஆம் நம்பரே நல்லது. சும்மா சுருட்டினாலே வேலை செய்யும் என்பதால் புதியவருக்கு இதைவிடச் சுலபம் கிடையாது. இரண்டாவது, தண்ணீர் மேலேயே ஓடும், வால் சுழலும் டாப்வாட்டர் லூர், காற்றில்லாத அந்தி நேரத்துக்கு. மீன் பாயும்போது வெடித்த மாதிரி தண்ணீர் எழும்பும். உடனே கம்பைச் சுண்டி இழுக்காதீர்கள், கனம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள். மூன்றாவது, புல்டாக் போன்ற பெரிய ரப்பர் லூர், தண்ணீர் குளிரும் இலையுதிர் காலத்துக்கு. நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு சாத்திரம் சொல்வார்கள். மங்கிய வெளிச்சத்துக்குக் கறுப்பு என்பதைத் தவிர மற்றதை நான் பொருட்படுத்துவதில்லை.

எந்த லூரானாலும் படகருகே வந்ததும் தூக்கிவிடாமல், கம்பு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு போடுங்கள், திருப்பம் அகலமாக இருக்கட்டும். பின்தொடர்ந்தே வந்து கடைசியில் கவ்வும் மீன் இது. லீடர் நீளமாகிவிட்டால் இந்த எட்டு ஒழுங்காக வராது. ஒரு அடி என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாலாவது லூருக்கு வைத்திருக்கும் பணத்தில் பெரிய ரப்பர் வலையும் முள்ளை வெட்டும் கட்டரும் வாங்கிவிடுங்கள். முள் ஆழமாகத் தைத்திருந்தால் பிடுங்காமல் வெட்டிவிடலாம், புது முள் விலை பெரிதல்ல. தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் நான் மஸ்கிக் கம்பைத் தொடுவதில்லை. அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீனை விட்டாலும் பிழைப்பது கஷ்டம். அந்த வாரங்களில் நானும் உங்களைப் போல் பாஸ்தான்.